ஆறு பேரோடு வந்த பள்ளி



எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே நடைபெறும் எழுவர் காற்பந்துப் போட்டியை நடத்துவோர் எவருக்கும் ஊதியமில்லை. ஆசிரியர்கள் அட்டவணை போடுகிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் பேருந்துக்கும் நாசி லெமாக்கிற்கும் பொறுப்பேற்கின்றனர். முன்னாள் மாணவர்கள் நடுவராக நிற்கின்றனர். பிறப்புப் பத்திரம் பார்த்து வயதைச் சரிபார்ப்பது என் பணி.

ஓராண்டு தோட்டப்புறப் பள்ளியொன்று ஆறு மாணவர்களோடு வந்தது. ஏழாமவனுக்குக் காய்ச்சல், மாற்று ஆட்டக்காரர் இல்லை. விதிப்படி எழுவர் வேண்டும் என்று நானே திருப்பி அனுப்பினேன். காலணி மாட்டித் தயாராக நின்ற அச்சிறுவர்களின் முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

150 மாணவருக்கும் குறைந்த பள்ளிகளைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் இத்தகையவை ஏராளம். பெரிய பள்ளிகளை மனத்திற்கொண்டு எழுதிய விதி இவற்றுக்குப் பொருந்துமா?

விதியைத் தளர்த்தினால் பெரிய பள்ளிகள் நல்ல ஆட்டக்காரர்களை இரவல் வாங்கும் என்று நண்பர்கள் சிலர் அஞ்சுகின்றனர். நியாயமான அச்சமே. ஆகவே குறைந்த மாணவர் பள்ளிகள் இரண்டு மட்டும் சேர்ந்து ஓர் அணியாக ஆடலாம் என்று வரையறுப்போம். பெயர்ப்பட்டியலையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்வோம்.

இவ்விதி எவரோ மேலிடத்திலிருந்து அனுப்பியதன்று, நாமே எழுதியது. ஏற்பாட்டுக் குழுக் கூட்டத்தில் கைதூக்கினால் மாற்றிவிடலாம். தொண்டாக நடத்துவதன் நன்மையே அதுதானே?

அடுத்த கூட்டத்தில் இதை முன்மொழிவேன். குழுவிலுள்ள அன்பர்கள் ஆதரிக்க வேண்டுகிறேன்.