காட்சிப்பொருளா யாழ்?

யாழ் பழந்தமிழரின் நரம்புக் கருவி என்பதை மாணவர்கள் அறிவர். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என அதன் வகைகளையும் மனனம் செய்கின்றனர். ஆனால், அதன் ஓசையைக் கேட்டவர்கள் மிகச் சிலரே. பெருமை பேசுவதால் மட்டும் ஒரு கருவி வாழாது. அதற்கெனப் புதிய இசை பிறக்க வேண்டும்.

மறைந்துபோன யாழின் இலக்கணத்தைக் கணித முறையில் ஆராய்ந்தவர் சுவாமி விபுலானந்தர். அவரது ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று சென்னையில் தருண் சேகர் என்னும் கலைஞர் யாழை மீண்டும் உருவாக்கியுள்ளார். இனி அதில் எதை இசைப்பது என்பதே கேள்வி.

இதற்குச் செவிமயக்கம் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. கானல்நீர் கண்ணை மயக்குவதுபோல, ஒலியும் செவியை மயக்கும். 1970களில் டயானா டாய்ச் என்னும் உளவியலாளர் இதனை ஆராய்ந்தார். அவர் கண்டறிந்த முறையை இரண்டு யாழ்களில் இசைத்துப் பார்க்கலாம். ஒருவர் ‘மேல் ச, ரி, த, ம, ம, த, ரி, மேல் ச’ என மீட்ட வேண்டும். அதே வேளையில், மற்றவர் ‘ச, நி, க, ப, ப, க, நி, ச’ என மீட்ட வேண்டும். இருவரின் சுரங்களும் தாவித் தாவியே செல்கின்றன. எனினும், கேட்போர் பலருக்கு மேல் சுரங்கள் ஒரு தொடராகவும் கீழ்ச் சுரங்கள் மற்றொரு தொடராகவும் சீராக ஒலிக்கும். அருகருகே உள்ள சுரங்களைச் செவி ஒன்றாகச் சேர்த்துக்கொள்வதே இதற்குக் காரணம். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி 1893ஆம் ஆண்டில் தம் ஆறாவது சிம்பொனியின் இறுதிப் பகுதியில் இத்தகைய உத்தியைக் கையாண்டுள்ளார். அங்கே இரு வயலின் குழுவினர் சுரங்களை மாறி மாறிப் பகிர்ந்து இசைக்கின்றனர்.

பழங்கருவியில் இத்தகைய சோதனை செய்தால் மரபு கெடும் எனச் சிலர் அஞ்சலாம். அந்த அச்சம் தேவையற்றது. விபுலானந்தரே அறிவியலின் துணைகொண்டுதான் யாழை அணுகினார். மரபைக் காப்பது என்பது அதைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைப்பதன்று.

பினாங்குத் தீவின் மலைகளுக்கு அப்பால் உள்ள பாலிக் புலாவ் மாணவர்களும் இம்முயற்சியைத் தொடங்கலாம். யாழ் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஓசையுடைய இரண்டு கீபோர்டுகளை இடமும் வலமுமாக வைத்தாலே போதும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்காது. யாருக்கு என்ன கேட்டது என்று மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கேயே யாழுக்கான புதிய இசையின் முதல் பாடம் தொடங்கிவிடும்.