ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவது பற்றி: காரையாறுக்குப் போகிறவர்களும் ரிசார்ட்டுக்குப் போகிறவர்களும் படிக்கவும்

 பதிவு கொஞ்சம் நீளம். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

ஆடி நெருங்குகிறது. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பக்கம் இருக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிக்காரர்கள் வேன் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டம் இது. எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், மளிகைக்கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று எல்லாரும் உண்டு. தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போகாதவர்கள் இதற்குப் போவார்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மலையில், ஓடைக்கரையில், கூடாரத்தில் இரண்டு நாள் தங்கி வர ஆன்லைனில் புக் செய்யும் இளைஞர்கள். இப்போது கேரவன் வண்டியும் சேர்ந்துகொண்டது. படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. கேரளம் 2021-ல் இதற்கென்றே ‘கேரவன் கேரளா’ என்று கொள்கை அறிவித்து, மறு வருஷம் வாகமண்ணில் கேரவன் பூங்காவும் திறந்துவிட்டது.

இவர்கள் இரண்டு பேரும் வேறு வேறு என்று நாம் நினைக்கிறோம். ஒருவர் பக்தர், மற்றவர் சுற்றுலாப் பயணி. ஆனால் ஆற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நான் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன். ஆற்றின் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் காரையாறு பற்றிக் கொஞ்சம். பாபநாசத்துக்கு மேலே மலைக்குள், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். பழைய சிங்கம்பட்டி ஜமீனோடு தொடர்புள்ள கோயில். பட்டவராயனுக்குத் தோல் செருப்பு செய்து காணிக்கை வைப்பார்கள். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிய முத்துப்பட்டன் கதை அங்கேதான் வாழ்கிறது. ஜாதி பார்க்கிற ஊர்களிலிருந்து வரும் எல்லாரும் அந்தச் செருப்பின் முன்னால் கும்பிடுகிறார்கள். இப்படி ஒரு கோயில் நம்மிடம் இருப்பது எனக்குப் பெருமை.

ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து, கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, ஆற்றங்கரையிலேயே குடில் போட்டுத் தங்குவார்கள். கல் அடுப்பு, அண்டாவில் சோறு, கிடாவெட்டு, ராத்திரி வில்லுப்பாட்டு. வெளிநாட்டில் மலை ஓடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தித் தங்குவதைப் பெரிய விஷயமாகச் சொல்கிறார்களே, அதை மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போன காலத்திலேயே செய்தவர்கள் நம் ஆட்கள்.

ஆனால் இந்தக் கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். 1988-ல் அமைந்தது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதனால் வனத்துறை கட்டுப்பாடு வைக்கிறது. முன்பெல்லாம் வாரக்கணக்கில் தங்கினார்கள். இப்போது சில நாட்கள்தான். தனியார் வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏற வேண்டும். பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது.

இதில்தான் கோபம் வருகிறது. எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி போன வாரம் என்னிடம் சொன்னார்: “சார், எங்க பாட்டன் காலத்துல இருந்து போறோம். வருசத்துல ஒரு வாரம். அதுக்கு இத்தன சட்டம். ரிசார்ட்காரன் வருசம் முன்னூத்தி அறுவத்தஞ்சு நாளும் மலையில ஆளத் தங்க வைக்கான். அவனை யாரு கேக்கா?”

நியாயமான கேள்வி. ஆனால் அதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. கட்டுப்பாடு தேவையா என்பது ஒன்று. அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நான் வனத்துறை பக்கம். இரண்டாவது கேள்விக்கு அண்ணாச்சி பக்கம்.

முதலில் கட்டுப்பாடு ஏன் தேவை என்று சொல்கிறேன்.

மலை ஆறு நம் ஊர்க் கூவம் மாதிரி மெதுவாக ஏறாது. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே பத்து கிலோமீட்டர் தள்ளி மழை கொட்டும். சரிவு அதிகம், பாறைத் தரை, நீர் உறிஞ்ச நேரமில்லை. அத்தனை தண்ணீரும் ஒரே பள்ளத்தில் சேர்ந்து இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படித்தான் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். சீசனே தொடங்காத மே மாதம் அது.

அதே வருஷம் ஜூலை 30 விடியும் முன்பு வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. மேலே சரிந்த மண்ணும் பாறையும் ஆற்றின் வழியாகவே இறங்கி, கரையோரம் தூங்கிக்கொண்டிருந்தவர்களை அடித்துப்போனது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் கணக்கில் அது ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் முந்தி. அந்த வருஷ ஆடி அமாவாசை ஆகஸ்ட் 4. அதாவது நாம் கரையில் குடில் போடத் தேர்ந்தெடுக்கும் காலமும், தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் உச்சத்தில் இருக்கும் காலமும் ஒன்றேதான். போதாக்குறைக்குக் காரையாற்றில் மேலே 143 அடி அணை இருக்கிறது. மழையே இல்லாவிட்டாலும், தண்ணீர் திறந்தால் கீழே மட்டம் ஏறும்.

இதைச் சொன்னால் “அய்யனார் காப்பாத்துவார்” என்பார்கள். அய்யனார் ஊர் எல்லையில், ஏரிக்கரையில் நின்று காவல் காக்கும் சாமி. கரையை மதிக்கச் சொல்லும் சாமி என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இரண்டாவது, கழிவு. ஒரு குடும்பம் கரையோரம் ஒதுங்கினால் ஆறு தாங்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே வாரத்தில், ஒரே கரையில் ஒதுங்கினால் தாங்காது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கீழே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் குடிக்கும் தண்ணீர் இதே ஆறுதான். காரையாற்றில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு ஊருக்குப் போய் அத்தை வீட்டில் நாம் குடிப்பதும் அதே தண்ணீர்தான். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடுகிறார்கள். இன்றைய துணியில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். அது மக்காது. பாறையிலும் மரவேரிலும் சிக்கி அப்படியே கிடக்கும். பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை.

மூன்றாவது, மற்ற உயிர்கள். ஆற்றங்கரை என்பது மிருகங்களுக்குத் தண்ணீர்த்துறை. ராத்திரி அங்கே வரவேண்டியது யானையும் மிளாவும். நாம் அந்த இடத்தில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டால் அவை எங்கே போகும்? 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு கூடார விடுதியில் தங்கியிருந்த இளம் கல்லூரி ஆசிரியை, கூடாரத்துக்கு வெளியே காட்டுயானை தாக்கி இறந்தார். பிறகு அந்த விடுதி மூடப்பட்டது. உயிர் போன பிறகு மூடி என்ன செய்ய?

ஆகவே நாட்களைக் குறைத்ததும், வண்டிகளைக் கீழே நிறுத்தியதும், பிளாஸ்டிக்கைத் தடுத்ததும் சரி. “சாமி கும்பிடுவதைத் தடுக்கிறார்கள்” என்று வாட்ஸாப்பில் வரும் செய்தியை தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள். கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை.

இனி அண்ணாச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

நீலகிரியில் மசினகுடி பக்கம் சீகூர் யானை வழித்தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் வெளியேற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 ஏப்ரலில். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2020 அக்டோபரில். நடுவில் ஒன்பது வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்தது. அம்பத்தூரிலிருந்து தார்ப்பாயோடு போகும் குடும்பத்துக்கு ஒன்பது வருஷம் யார் கொடுப்பார்கள்? செக்போஸ்டில் ஒன்பது நிமிஷம் பேசினாலே “ஓரமா போ” என்கிறார்கள்.

வழக்குப் போட வசதி உள்ளவனுக்குச் சட்டம் மெதுவாக வருகிறது. இல்லாதவனுக்கு உடனே வருகிறது. இது சட்டத்தின் மேலேயே மரியாதையைக் கெடுக்கிறது. ஏழைக்கு மட்டும் வரும் கட்டுப்பாட்டை ஏழை பகையாகத்தான் பார்ப்பான். காட்டைக் காப்பாற்ற வேண்டிய அடுத்த தலைமுறை, காட்டிலாகா என்றாலே எதிரி என்று நினைத்து வளரும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆகவே தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. சமமாக்குங்கள் என்கிறேன். என் யோசனைகள் இவை:

1. மலையில் ஆற்றங்கரையிலிருந்து இத்தனை அடிக்குள் யாரும் இரவு தங்கக் கூடாது என்று ஒரே விதி வேண்டும். கோயில் குடிலுக்கும், ரிசார்ட் கூடாரத்துக்கும், கேரவனுக்கும் அதுவே. எத்தனை அடி என்பதை அந்தந்த ஆற்றின் பழைய வெள்ளத் தடம் பார்த்துப் பொறியாளர்கள் சொல்லட்டும்.

2. காரையாற்றில் குடில் போடுவதை மேட்டு நிலத்துக்கு மாற்றுங்கள். குளிக்கவும் கும்பிடவும் ஆறு. தூங்க மேடு. ராத்திரி வெள்ளம் வந்தால் எழுப்ப சைரனும், ஓட வழியும் இருக்க வேண்டும்.

3. கழிப்பறை. இதைக் கூச்சப்படாமல் எழுதுகிறேன். பெண்கள் இருட்டும் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். என் வீட்டுப் பெண்களும் இருந்திருக்கிறார்கள். பாதுகாப்புக்கு நூறு போலீஸ் நிறுத்துகிற அரசு, கழிவு ஆற்றில் கலக்காத தற்காலிகக் கழிப்பறைகளைப் போதுமான அளவு வைக்கலாம். கரை நாறுகிறது என்று பக்தனைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்யட்டும்.

4. துணி போடத் தொட்டி வையுங்கள். பூசாரிகளே அறிவிக்கட்டும். அதிகாரி சொன்னால் கேட்காதவர்கள் சாமியாடி சொன்னால் கேட்பார்கள்.

5. அங்கேயே காலம் காலமாக இருக்கும் காணி மக்களைக் கேளுங்கள். ஆறு எப்போது நிறம் மாறும், யானை எந்தத் துறையில் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. திட்டம் போடும் கூட்டத்தில் நாற்காலியும் கொடுங்கள்.

கேரவனில் போக ஆசைப்படும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மலையைப் பார்க்காத பிள்ளை வளர்ந்து மலைக்காகப் பேசாது. ஆனால் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: தங்கும் இடம் வெள்ளக் கரையிலிருந்து எவ்வளவு உயரம்? வண்டியின் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வார்கள்? ஊராட்சி அனுமதியும், காட்டை ஒட்டிய இடமென்றால் வனத்துறை அனுமதியும் இருக்கிறதா? பதில் இழுத்தால் புக் செய்யாதீர்கள்.

கடைசியாக நம் ஊருக்கு வருகிறேன். நம்மில் பலர் ஏரிக்கரையில் வீடு கட்டி, கொரட்டூர் ஏரிக்குள் கழிவுநீர் போவதைப் பார்த்துக்கொண்டு, திருவேற்காடு பாலத்தில் கூவத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்கிறவர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது “ஏரி ஊருக்குள்ள வந்துடுச்சு” என்றோம். ஊர்தான் ஏரிக்குள் போயிருந்தது. கரையை இழந்தால் என்ன ஆகும் என்று வேறு யாரையும்விட நமக்குத் தெரியும். அறுநூறு கிலோமீட்டர் பயணம் செய்து, இன்னும் தெளிவாக ஓடும் ஆற்றின் கரைக்குப் போகும்போது, அந்த அறிவையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவோம்.

அண்ணாச்சி இந்த வருஷமும் போகிறார். குடிலை மேட்டில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். துணி விஷயத்தில் மட்டும் “வீட்டுல கேட்டுச் சொல்றேன் சார்” என்றார். கேட்டுச் சொல்லட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். காரையாற்றில் தங்கியவர்கள், குறிப்பாகப் பெண்கள், உங்கள் அனுபவத்தை எழுதினால் எல்லாவற்றையும் தொகுத்து மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் மனுவாக அனுப்பலாம் என்றிருக்கிறேன். ஜாதி, கட்சி பேசுகிறவர்கள் மட்டும் மன்னிக்கவும்.