பேரம் பேசிய சிலுவை



பரிசுத்த தேச யாத்திரை முடித்து வருகிறவர்கள், பெத்லெகேமில் வாங்கிய ஒலிவமரச் சிலுவையை என்னிடம் காட்டுவதுண்டு. அடுத்த வார்த்தை பெரும்பாலும் இதுவே: "பேசிப் பாதி விலைக்கு வாங்கினேன், ஐயா."

இதில் மேன்மைபாராட்ட என்ன இருக்கிறது? வாங்கும்போது பொருளைப் பழித்து, அப்பால் போய்த் தன் சாமர்த்தியத்தை வியக்கிறவனை நீதிமொழிகள் 20:14 நம்முன் நிறுத்துகிறது. அவன் நாமே அல்லவா?

பெத்லெகேமிலும் அருகிலுள்ள பெய்ட் சாஹூரிலும் ஒலிவமரச் சிற்பவேலை தலைமுறைத் தொழில். கழித்த கிளைகளை உலர்த்தி, அறுத்து, செதுக்கி, மெருகிடுகிறார்கள். அவர்களில் அநேகர் கிறிஸ்தவக் குடும்பத்தார். யாத்திரிகர் வராவிடில் பட்டறை ஓய்ந்துபோகும். 2020இன் கொள்ளைநோயும் 2023இல் தொடங்கிய யுத்தமும் அதைக் காட்டின.

"எல்லாரும் பேரம் பேசுகிறார்களே" என்பீர்கள். விலை விசாரிப்பது பாவமன்று. ஆனால் விமானத்துக்கும் விடுதிக்கும் கேட்டதைக் கொடுத்துவிட்டு, கைத்தொழிலாளியிடம் மட்டும் சிக்கனம் காட்டுவது நீதியோ? பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறதே!

இனிமேல், செய்தவர் யாரென்று கேளுங்கள். தகுந்த விலை கொடுங்கள். மனமில்லையேல் வாங்காமல் வாருங்கள். ஒருவனுடைய கூலியைக் குறைத்து மாட்டிய சிலுவையைவிட வெறுஞ்சுவரே மேல்.