வானொலிக்கும் ஒரு உள்ளக மதிப்பீடு வேண்டும்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டிலும் கடையிலும் த்ரீவீலரிலும் காலையில் ஓடுவது தமிழ் வானொலிதான். மரண அறிவித்தல் கேட்பதும் நோன்பு துறக்கும் நேரம் கேட்பதும் அதில்தான். அந்த நிலையங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று யார் பார்ப்பது? இதை நாங்கள் ஒன்றாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

தனியார் வானொலிக்கான அனுமதிப்பத்திரம் இன்றும் 1966ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சர் கொடுப்பது. தொலைக்காட்சிக்கு 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிச் சட்டம். கொடுக்கிற கைக்கு எடுக்கவும் முடியும். 2007 ஒக்டோபரில் அதைப் பார்த்தோம். அம்பாந்தோட்டை மாவட்டத்தில் புலிகளின் தாக்குதல் என்று பொய்ச் செய்தி சொன்னதாகக் கூறி, ஏபிசி நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் அனுமதியையும் அரசாங்கம் ஒரேயடியாக ரத்துச் செய்தது. அதில் சூரியன் எப்.எம்.மும் ஒன்று. ஒரு செய்திக்காக ஐந்து வானொலிகளின் வாய் மூடப்பட்டது.

மறுபக்கமும் எங்களுக்குத் தெரியும். கொரோனா காலத்தில் சில ஊடகங்கள் நோயாளியின் மதத்தைச் சொல்லிச் செய்தி வாசித்தன. அதைத் தட்டிக் கேட்க யாரும் வரவில்லை. ஒன்றில் பூட்டு, இல்லாவிட்டால் கண்டும் காணாத போக்கு. நடுவில் ஒன்றுமில்லை. இரண்டிலும் அடிபடுவது கேட்கிற சனம்.

அப்படியானால் அரசாங்கம் ஒரு அதிகார சபை அமைக்கட்டும் என்பார்கள். 1997இல் அப்படி ஒரு சட்டமூலம் வந்தது. அந்தச் சபை அரசாங்கத்திலிருந்து சுதந்திரமானதாக இல்லை என்று கண்டு உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2023இல் இன்னொரு வரைவு வந்தபோதும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்தப் பயம் நியாயமானது.

அமெரிக்காவில் வேறொரு வழி இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள ஒலி, ஒளிபரப்பாளர் சங்கம், நிலையம் தானாகக் கேட்டால் ஒரு பரிசோதகரை அனுப்பும். கோபுர விளக்கு, ஒலிபரப்பு வலு, அவசர எச்சரிக்கைக் கருவி, பொதுமக்கள் பார்ப்பதற்கான கோப்பு எல்லாம் சரி பார்க்கப்படும். பிழை இருந்தால் திருத்தலாம். தேறினால் சான்றிதழ். அதன்பின் மூன்று வருடங்களுக்கு அரசின் வழமையான பரிசோதனை வராது. ஆனால் முறைப்பாடு வந்தால் அரசு அதிகாரி எப்போதும் வரலாம்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது புதிதல்ல. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வெளிவாரி மதிப்பீட்டுக்கு ஆள் வருமுன் பாடசாலையில் உள்ளக மதிப்பீடு செய்கிறோம். குறை தெரிவது வெட்கமல்ல, தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. மார்க்கத்திலும் முஹாசபா என்று இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

இங்கே அதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. பத்திரிகைகள் 2003இல் தாங்களாகவே ஒரு முறைப்பாட்டு ஆணைக்குழுவை அமைத்துக்கொண்டன. வானொலியும் தொலைக்காட்சியும் ஏன் அந்த வழியில் போகக்கூடாது?

பார்க்க வேண்டியது என்ன கருத்துச் சொல்கிறார்கள் என்பதையல்ல, நடைமுறையைத்தான். முறைப்பாடு செய்ய இலக்கம் உண்டா? பிழையான செய்தியைத் திருத்த எழுதப்பட்ட முறை உண்டா, அந்தத் திருத்தம் அதே நேரத்துச் செய்தியில் போகிறதா? நள்ளிரவில் மலையகத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அதைத் தமிழில் வாசிக்க நிலையத்தில் ஆள் இருக்கிறாரா? 2004 டிசம்பர் 26 காலை எச்சரிக்கை இல்லாமல் எத்தனை உயிர் போனது என்பதை அறிந்த நாடு இது.

“விருப்பம் இருந்தால்தானே வருவார்கள், மோசமான நிலையம் வருமா?” என்று கேட்கலாம். வராதுதான். ஆனால் வராதது யார் என்று ஊருக்குத் தெரியும். விளம்பரம் கொடுப்பது செட்டியார் தெரு நகைக்கடைகளும் காலி வீதிப் புடவைக்கடைகளும்தானே. “உங்களிடம் சான்றிதழ் இருக்கிறதா?” என்று அந்த முதலாளிமார் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பரிசோதிக்கும் குழுவில் நிலைய முதலாளியும் அரசியல்வாதியும் இருக்கக்கூடாது. ஓய்வுபெற்ற பொறியியலாளர், சட்டத்தரணி, ஊடகவியலாளர், கேட்பவர்களின் பிரதிநிதி என்று மூன்று மொழிக்காரரும் மூன்று இனத்தவரும் இருக்க வேண்டும்.

இது நிலையங்களுக்கும் காவல். நாளைக்கு ஒரு அமைச்சர் பூட்ட வந்தால், “நாங்கள் பரிசோதனைக்கு உட்பட்டவர்கள், பிழையைத் திருத்திய பதிவு இதோ” என்று நீதிமன்றத்தில் காட்ட ஒரு கடதாசி இருக்கும். 2007இல் அப்படி ஒன்று இருக்கவில்லை.

எங்கள் பங்கும் உண்டு. பிழையான செய்தி கேட்டால் வட்ஸ்அப் குழுமத்தில் திட்டிவிட்டு விடாமல், திகதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர் மூன்றையும் குறித்து நிலையத்துக்கு எழுத்தில் அனுப்புவோம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் பிரதியை வைத்திருப்போம். பரிசோதனை என்று ஒன்று தொடங்கும் நாளில் முதலில் தேவைப்படுவது அந்தக் கோப்புத்தான்.