கல்யாணத்துக்குக் கிளம்பறப்ப டிக்கெட்டுக்கு இன்சூரன்ஸ், மண்டபத்துக்கு?

டெஸ்டினேஷன் வெட்டிங்னா நமக்கெல்லாம் உதய்பூர் அரண்மனையும் கோவா கடற்கரையும்தான் ஞாபகத்துக்கு வரும். அது பணக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு நகர்ந்துடாதீங்க. பெங்களூர்த் தமிழ்க் குடும்பத்துல ஒரு கல்யாணம்னா என்ன நடக்குது? பொண்ணு வேலை பார்க்கறது ஒயிட்ஃபீல்டுல. மாப்பிள்ளை இருக்கறது நியூஜெர்சியில. கல்யாணம் மட்டும் கும்பகோணத்துல, இல்லைன்னா திருச்செந்தூர்ல. பாட்டி தாத்தாவிலிருந்து ஆபீஸ் நண்பர்கள் வரை எல்லாரும் வெள்ளிக்கிழமை ராத்திரி சில்க்போர்டு நெரிசல்ல சிக்கி பஸ்ஸைப் பிடிச்சுப் போறோம். பேர்தான் வைக்கலையே தவிர, நாம பண்றதெல்லாம் டெஸ்டினேஷன் வெட்டிங்தான் :-)

நான் பேங்க்ல வேலை பார்க்கறவன். கல்யாணச் செலவுக்குக் கடன் கேட்டு வர்றவங்க மண்டபம், சமையல், ஜவுளி, மேளம், போட்டோன்னு வரி வரியா கணக்கு எழுதிட்டு வருவாங்க. இன்சூரன்ஸ்னு ஒரு வரி இருக்காது. கேட்டா, "ஃபிளைட் டிக்கெட் போடறப்ப டிக் அடிச்சுட்டோம் சார்"னு பதில் வரும். இந்தப் பதிவு அந்த டிக்கைப் பத்தித்தான். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தாங்கக்கூடிய சின்ன நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்கறோம். தாங்கவே முடியாத பெரிய நஷ்டத்தை குலதெய்வத்து கிட்ட விட்டுடறோம். இது தலைகீழ்.

ரெண்டு சம்பவம் சொல்றேன். ரெண்டும் பத்திரிகையில வந்ததுதான்.

2016 செப்டம்பர் 12ம் தேதி காவிரிப் பிரச்சினையில பெங்களூர்ல வண்டிகள் எரிஞ்சது யாருக்கும் மறந்திருக்காது. ஒரே டிப்போவுல முப்பதுக்கும் மேற்பட்ட ஆம்னி பஸ்கள் சாம்பலாச்சு. ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல பஸ் போக்குவரத்து நின்னு போச்சு. அந்த வாரம் வாணியம்பாடியில கல்யாணம் வெச்சிருந்த ஒரு பெங்களூர்ப் பொண்ணு, பட்டுப்புடவையும் நகையுமா, குடும்பத்தோட நடந்தே ஓசூர்ப் பக்கம் எல்லையைத் தாண்டிப் போச்சு. கூடப் போனவங்க கொஞ்சம் பேர்தான். அழைச்ச சொந்தத்துல நிறைய பேர் இங்கேயே தங்கிட்டாங்க.

அடுத்தது 2025 டிசம்பர். விமானிகளோட பணி நேர விதிகள் மாறினதுக்கு ஏத்தபடி ஏற்பாடு பண்ணாம இண்டிகோ தடுமாறி, டிசம்பர் 5ம் தேதி ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல ஃபிளைட் ரத்தாச்சு. பெங்களூர்ல வேலை பார்க்கற ஒரு ஜோடிக்கு நவம்பர் 23ம் தேதி புவனேஸ்வர்ல கல்யாணம் முடிஞ்சிருந்தது. டிசம்பர் 3ம் தேதி ஹூப்ளியில ரிசப்ஷன். ஃபிளைட் தள்ளித் தள்ளிப் போய் கடைசியில ரத்து. விருந்தாளிகள் எல்லாரும் மண்டபத்துக்கு வந்தாச்சு. வேற வழியில்லாம மேடையில இருந்த நாற்காலியில பொண்ணோட அப்பா அம்மா உட்கார்ந்தாங்க. மாப்பிள்ளையும் பொண்ணும் புவனேஸ்வர்லேருந்து வீடியோவுல ஆசீர்வாதம் வாங்கிக்கிட்டாங்க.

இந்த ரெண்டு இடத்துலயும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. நஷ்டம் எதுல? டிக்கெட்லயா?

டிக்கெட் விஷயத்தை முதல்ல முடிச்சுடுவோம். விமானக் கம்பெனி ஃபிளைட்டை ரத்து பண்ணினா பணத்தை முழுசா திருப்பித் தரணும், இல்லைன்னா வேற ஃபிளைட் தரணும். இது டிஜிசிஏ விதி. ஒழுங்கா முன்கூட்டியே சொல்லலைன்னா, பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 இல்லைன்னா 10,000 ரூபாய் வரை நஷ்டஈடும் உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது அதைவிடக் குறைவா இருந்தா அந்தத் தொகைதான். புயல், கலவரம் மாதிரி கம்பெனி கையில இல்லாத காரணம்னா நஷ்டஈடு கிடையாது, டிக்கெட் பணம் மட்டும் வரும். ஆக, அவங்களே ரத்து பண்ற டிக்கெட்டுக்கு நீங்க இன்சூரன்ஸ் எடுக்கணும்னு அவசியமே இல்லை. நீங்க போக முடியாம போனா, அதாவது உங்களுக்கோ நெருங்கின சொந்தத்துக்கோ உடம்பு சரியில்லாம போனா, அப்பதான் அந்த பாலிசி வேலை செய்யும். பயணச் சீட்டு விக்கற தளங்கள் அந்த டிக்கைத் தானா போட்டு வைக்கக் கூடாதுன்னு ஐஆர்டிஏஐ 2019லயே சொல்லியாச்சு. போடறதா வேண்டாமாங்கறது உங்க முடிவு.

ரயில்ல 45 காசுக்கு ஒரு இன்சூரன்ஸ் வருதே, அதைக் கண்டிப்பா எடுங்க. விபத்துல உயிர் போனாலோ நிரந்தரமா முழு ஊனம் ஆனாலோ 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. ஆனா ரயில் ஆறு மணி நேரம் லேட்டாகி முகூர்த்தம் தவறினா அதுல ஒத்தைப் பைசா வராது. இன்னொண்ணு, டிக்கெட் எடுத்ததும் எஸ்எம்எஸ்ல வர்ற லிங்க்ல போய் நாமினி பேரைப் பதிஞ்சாத்தான் குடும்பத்துக்கு பின்னாடி சிரமம் இருக்காது. எத்தனை பேர் அதைப் பண்றோம்?

இப்ப மண்டபத்துக்கு வருவோம். கல்யாணத்துக்குன்னே பாலிசி இருக்கு. அரசுக் கம்பெனி, தனியார் கம்பெனி ரெண்டுலயும் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் தர்றாங்க. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கத்தால கல்யாணம் நின்னாலோ தள்ளிப்போனாலோ, பொண்ணு மாப்பிள்ளைக்கோ ரத்த சொந்தத்துக்கோ பெரிய விபத்து, மரணம்னாலோ, போட்ட அட்வான்ஸ், சமையல், அலங்காரம், தங்கற ரூம் செலவெல்லாம் கேட்கலாம். பந்தல் சரிஞ்சு யாருக்காவது அடிபட்டா அந்தப் பொறுப்பையும் சேர்த்துக்கலாம். பிரீமியம் பொதுவா காப்பீட்டுத் தொகையில முக்கால் சதவீதத்துலேருந்து 2 சதவீதம் வரைன்னு சொல்றாங்க. 15 லட்ச ரூபாய்க் கல்யாணம்னா கிட்டத்தட்ட 11,000லேருந்து 30,000 ரூபாய். ஐஸ்கிரீம் ஸ்டாலுக்கு இதைவிட அதிகமா செலவு பண்றோம்.

ஆனா அவசரப்பட்டுக் கையெழுத்து போடாதீங்க. என்னென்ன கிடையாதுங்கற பட்டியலைத்தான் முதல்ல படிக்கணும். ரெண்டு வீட்டாருக்கும் சண்டை வந்து கல்யாணம் நின்னா கிடையாது. பெரும்பாலான பாலிசியில, வண்டி பழுதாகியோ ஃபிளைட் தவறியோ பொண்ணு மாப்பிள்ளை வந்து சேரலைன்னாலும் கிடையாது! பயண பாலிசியை எடுத்துப் பார்த்தா, அதுல தாமதத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரும், மண்டபச் செலவு வராது. ஆக, நமக்கு நிஜமா இருக்கற பயம், "நேரத்துக்குப் போய்ச் சேருவோமா"ங்கறது, ரெண்டு பாலிசிக்கும் நடுவுல இருக்கற சந்துல விழுந்துடுது. ஹூப்ளி ஜோடியோட நஷ்டம் அந்தச் சந்துலதான் விழுந்தது. கலவரம், பந்த் விஷயம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்லையைத் தாண்டிக் கல்யாணத்துக்குப் போற நாம அந்த ஒரு வரியை எழுத்துல கேட்டு வாங்கிக்கணும்.

இன்னொரு விஷயம் காலம். ஐப்பசி, கார்த்திகை நமக்கு முகூர்த்த மாசம். வடகிழக்குப் பருவமழைக்கும் அதேதான் மாசம். 2015 டிசம்பர் தொடக்கத்துல சென்னை விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது. 2024ல ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ம் தேதி கரையைக் கடந்தது, சரி போயாச்சுன்னு நினைச்சா, ரெண்டு நாள்ல ஊத்தங்கரையில 24 மணி நேரத்துல 50 சென்டிமீட்டர் மழை. பெங்களூர்லேருந்து திருவண்ணாமலைக்கு நாம போற அதே ரோட்டுல நின்ன வண்டிகளை வெள்ளம் இழுத்துட்டுப் போச்சு. வானிலை மையம் புயலுக்குப் பேர் வெச்ச பிறகு பாலிசி எடுத்தா, தெரிஞ்ச ஆபத்துன்னு தள்ளிடுவாங்க. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கற வாரமே எடுத்துடணும்.

மூணாவது, பெரியவங்க. உள்நாட்டுக்குள்ள பயணம்னா, ஏற்கெனவே இருக்கற மெடிக்ளெய்ம் திருநெல்வேலியிலயும் செல்லும். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். அந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரியில கேஷ்லெஸ் உண்டுன்னு பார்த்து, கார்டை பர்ஸ்ல வெச்சாப் போதும். வெளிநாட்டுல கல்யாணம்னா கதை வேற. சிங்கப்பூருக்கோ கொழும்புக்கோ போற பாட்டிக்கு இந்தியாவை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே பாலிசி எடுத்தாகணும். சர்க்கரை, பிரஷர், பழைய ஸ்டென்ட் எதையும் மறைக்காம எழுதணும். மறைச்சா அதுதான் பின்னாடி கிளெய்மை மறுக்க அவங்களுக்குக் கிடைக்கற காரணம். அமெரிக்காவிலிருந்து இங்க வர்ற பெரியவங்களுக்கும் அதேதான். அங்கத்திய மெடிகேர் பொதுவா அந்த நாட்டுக்கு வெளியில செல்லாது.

நாலாவது நகை. இது எங்க ஏரியா :-) முகூர்த்தத்துக்கு முன்னாடி வாரம் லாக்கர் ரூம் வாசல்ல கூட்டம் நிக்கும். லாக்கர்ல இருக்கறதுக்கு பேங்க் இன்சூரன்ஸ் பண்ணியிருக்கும்னு நிறைய பேர் நம்பறாங்க. கிடையாது. ரிசர்வ் வங்கி விதி 2022 ஜனவரியிலிருந்து சொல்றது இதுதான்: தீ, திருட்டு, கட்டடம் இடிஞ்சு விழறது, ஊழியர் மோசடி இதெல்லாம் பேங்கோட பக்கத்துக் குறையால நடந்தா, வருஷ வாடகையில 100 மடங்கு வரை பொறுப்பு. வாடகை 4,000 ரூபாய்னா 4 லட்சம். அதுவும் நகை லாக்கருக்குள்ள இருக்கற வரைதான். வெளியில எடுத்து, மஞ்சப்பையில சுத்தி, பஸ்ஸுல சீட்டுக்கு அடியில வெச்ச நிமிஷத்திலிருந்து அது உங்க பாடு. பயண பாலிசியில பேகேஜ்னு ஒரு பகுதி வருமே, அதுல நகையும் ரொக்கமும் பெரும்பாலும் சேர்த்தி இல்லை. நகைக்குத் தனியா, வீட்டு பாலிசியோட சேர்த்து, வெளியில கொண்டு போறப்பவும் செல்லற மாதிரி எடுக்கலாம். பில்லும் மதிப்பீட்டுச் சான்றும் கேட்பாங்க. என்னைக் கேட்டா, கல்யாண இன்சூரன்ஸ்ல முதல் செலவு இதுவாத்தான் இருக்கணும்.

நஷ்டம் ஆயிடுச்சுன்னா காகிதம் சேருங்க. ஃபிளைட் ரத்தானதுக்குக் கம்பெனி கொடுக்கற கடிதம், மண்டப ரசீது, சமையல்காரர் ரசீது. வெள்ளைத் தாள்ல "பெற்றுக்கொண்டேன்"னு எழுதினா செல்லாதான்னு கேட்காதீங்க, தேதியும் கையெழுத்தும் இருக்கற ரசீதா வாங்குங்க. கம்பெனி மறுத்தாலோ, எழுதிக் கேட்டு ஒரு மாசம் பதில் இல்லைன்னாலோ, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் கிட்ட போகலாம். பெங்களூர்லயே அலுவலகம் இருக்கு. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பாங்க.

"நல்ல காரியத்துல போய் நின்னு போனா, தள்ளிப் போனான்னு பேசறதே அபசகுனம்"னு பெரியவங்க சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணலை. மொய் நோட்டு என்ன? ஒரு குடும்பத்துக்குச் செலவு வர்றப்ப ஊரே கொஞ்சம் கொஞ்சம் போடறது, அவங்க வீட்டுல காரியம்னா நாம திருப்பிப் போடறது. பிரீமியமும் கிளெய்மும் அதுதானே? மாப்பிள்ளை அழைப்பை முதல் நாள் சாயங்காலமே வெச்சதும் வெறும் ஊர்வலத்துக்காகன்னு நான் நினைக்கலை. மாட்டு வண்டி அச்சு முறிஞ்சாலும், ஆத்துல வெள்ளம் வந்தாலும், விடியறதுக்குள்ள மாப்பிள்ளை ஊர் எல்லைக்குள்ள இருக்கணும். மேல சொன்ன சந்தை அவங்க அப்படித்தான் அடைச்சு வெச்சிருந்தாங்க.

நாமதான் லீவு இல்லைன்னு அந்த ஒரு நாளைக் கழிச்சுட்டோம். வெள்ளி ராத்திரி பஸ், சனி விடியக்காலை குளியல், ஏழரை மணிக்குத் தாலி, ஞாயிறு ராத்திரி திரும்ப மடிவாளா. விருந்தாளிங்க அப்படி வரட்டும், தப்பில்லை. பொண்ணு, மாப்பிள்ளை, ரெண்டு பேரோட அப்பா அம்மா, இந்த ஆறு பேர் மட்டுமாவது ரெண்டு நாள் முன்னாடி போயிடணும். ஆறு பேரும் ஒரே ஃபிளைட்ல போக வேண்டாம். மண்டபக்காரர் கிட்ட, புயல் வெள்ளம்னா அதே அட்வான்ஸுக்கு வேற தேதி தர்றதா ஒரு வரி எழுதி வாங்கணும். இந்த மூணுக்கும் பிரீமியம் கிடையாது. எந்த பாலிசியும் தராததை இது தரும்.

மேனேஜர் கிட்ட ரெண்டு நாள் லீவு கேட்கக் கூச்சமா இருக்கா? அந்த ஹூப்ளி மேடையை நினைச்சுக்கிட்டுக் கேளுங்க. கிடைக்கும்.