‘மனிதக் கால்படாத காடு’ என்னும் பொய்

ஆப்பிரிக்கக் காட்டுப் பயணம் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் வாயில் தானாக வந்துவிழும் ஒரு தொடர் உண்டு: ‘மனிதக் கால்படாத காடு’. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவைப் பற்றியும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. அந்த மண்ணில் பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களை வெளியேற்றிய பிறகுதான் அது ‘கால்படாத’ இடமானது. இந்த வரலாறு தெரியாமல் அங்கே சிங்கத்தையும் பறவையையும் பார்த்துத் திரும்புகிறவர் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

குரூகரின் பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வழிகாட்டி தேவையில்லை, சாதாரண வாடகைக் காரை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. அனுமதித்த இடங்கள் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக்கூடாது. பொழுது சாய்வதற்குள் வேலியிட்ட முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். 500க்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. நம் ஊர் மின்கம்பியில் உட்காரும் பனங்காடையின் நெருங்கிய உறவான ஊதாமார்புப் பனங்காடையைச் சாலையோர மரங்களில் எளிதாகப் பார்க்கலாம். அந்த அழகு பொய்யில்லை. அதை ரசிப்பதும் குற்றமில்லை.

ஆனால் அந்தச் சாலைகளில் மனிதக் குடியிருப்பு ஒன்றுகூடக் கண்ணில் படாதது தற்செயலா?

1898இல் பால் குரூகரின் போயர் அரசு சாபி வேட்டைக் காப்பகத்தை அறிவித்தது. போயர் போருக்குப் பின் 1902இல் பிரிட்டிஷ் ஆட்சி ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டனை அதன் காப்பாளராக நியமித்தது. அங்கே வாழ்ந்த மக்களை அப்புறப்படுத்துவது அவருடைய தொடக்ககால வேலைகளில் ஒன்று. சோங்கா மக்கள் அவருக்கு ‘ஸ்குகுசா’ என்று பெயர் வைத்தார்கள். ‘துடைத்துப் பெருக்குகிறவன்’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ‘எல்லாவற்றையும் தலைகீழாக்கியவன்’ என்றும் சொல்வதுண்டு. இன்று பூங்காவின் மிகப் பெரிய முகாமின் பெயர் ஸ்குகுசா. விரட்டப்பட்டவர்கள் வைத்த பெயர், விடுதி முன்பதிவுச் சீட்டில் அச்சாகிறது. அதன் பொருளை எத்தனை பயணிகள் கேட்டிருப்பார்கள்?

1913இன் நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டும் ஒதுக்கியது. 1926இல் குரூகர் தேசியப் பூங்காவானது. 1927இல் முதல் சுற்றுலாக் கார்கள், மொத்தம் மூன்று, உள்ளே வந்தன. நிலம் பறிபோன அதே காலத்தில்தான் அந்த நிலத்தைக் காரிலிருந்து ரசிக்கும் பண்பாடும் வளர்ந்தது. தங்குமிடத்திலும் நிறப்பாகுபாடு இருந்தது. பலூலே என்ற சிறு முகாம் கறுப்பினப் பயணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. இத்தனை தடைகளுக்கு நடுவிலும் ஆப்பிரிக்கர்களும் இந்திய வம்சாவளியினரும் அங்கே பயணிகளாகப் போனார்கள் என்பதை ஜேக்கப் டிலாமினி 2020இல் வெளியான தன் ‘சஃபாரி நேஷன்’ நூலில் ஆவணங்களோடு காட்டுகிறார். ‘கறுப்பர்களுக்கு இயற்கை மீது அக்கறை இல்லை’ என்ற வெள்ளையர் கதைக்கு அது நல்ல பதில்.

வடக்கு முனையில் இருக்கிறது பாஃபூரி. லிம்போபோ ஆறும் லுவுவு ஆறும் கூடுமிடம். தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, மொசாம்பிக் ஆகிய மூன்று நாட்டு எல்லைகளும் அங்கே சந்திக்கின்றன. பறவை நோக்குவோர் பெல் மீன் ஆந்தையைத் தேடி அங்கே போவார்கள். ஆறுகளுக்கு இடைப்பட்ட அந்த நிலம் மகுலேக்கே மக்களுடையது. 1969இல் நிறவெறி அரசு அவர்களில் ஏறத்தாழ 3,000 பேரைத் துப்பாக்கி முனையில் வெளியேற்றி, நிலத்தைப் பூங்காவோடு சேர்த்துக்கொண்டது. தங்கள் குடிசைகளுக்குத் தாங்களே தீ வைக்கும்படி அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். இன்று அறுபதைக் கடந்தவர்களில் அந்தத் தீயைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சாதியை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு புரியாததல்ல. ஓர் இடத்தைத் ‘தூய’ இடமாக அறிவிக்க வேண்டுமானால் முதலில் அங்கிருக்கும் சிலரை அழுக்காக்க வேண்டும். பிறகு அவர்களை வெளியே தள்ள வேண்டும். அதற்கும் பிறகு, அந்த இடத்தின் தூய்மையைப் பராமரிக்கும் கூலிகளாக அவர்களையே உள்ளே அழைக்க வேண்டும். அக்ரகாரமும் கோயில் தெருவும் இப்படித்தான் ‘தூய்மை’ ஆயின. விலங்குக்கு உள்ள இடம் மனிதருக்கு இல்லை என்பதும் நமக்குப் பழக்கமானதுதான். குரூகருக்குள் முதல் கார்கள் நுழைந்த அதே 1927இல்தான் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். ஆடுமாடுகள் குடிக்கலாம், தீண்டப்படாதோர் குடிக்கக்கூடாது என்றிருந்த குளம் அது. நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் தூய்மையின் பெயரால் மனிதரை விலக்கும் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

பறவைப் பட்டியலிலும் இந்த வரலாறு உட்கார்ந்திருக்கிறது. பெல் என்பவர் கோல்ட் கோஸ்ட்டை ஆண்ட டச்சு ஆளுநர். அந்த ஆந்தையைத் தலைமுறைகளாக அறிந்திருந்த ஆற்றங்கரை மக்களின் பெயர் பட்டியலில் இல்லை. இளஞ்சிவப்பு இமை கொண்ட வெரோ கழுகாந்தையும் குரூகரில் பலரும் தேடும் பறவை. வெரோ சகோதரர்கள் விலங்குகளைப் பாடம்செய்து விற்ற பிரெஞ்சுக்காரர்கள். 1830 வாக்கில் ஒரு சுவானா மனிதரின் உடலைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்து, விலங்கைப் போலவே பாடம்செய்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த உடல் ஸ்பெயினின் பன்யோலஸ் நகர அருங்காட்சியகத்தில் 1997 வரை காட்சிப்பொருளாக நின்றது. 2000இல்தான் போட்ஸ்வானா மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. அம்மனிதரின் பெயர் நமக்குத் தெரியாது. தோண்டியவரின் பெயர் ஆந்தைக்கு இருக்கிறது.

‘மக்களை வெளியேற்றாமல் இருந்திருந்தால் இன்று அங்கே விலங்குகளே இருந்திருக்காது’ என்று சிலர் வாதிடுவார்கள். அங்கே விலங்குகள் குறைந்ததற்குக் காரணம் துப்பாக்கியோடு வந்த வெள்ளை வேட்டைக்காரர்களும், 1896 - 97இல் பரவிய மாட்டுக்கொள்ளை நோயும். அவர்கள் வருவதற்கு முன்பே அந்த மக்கள் விலங்குகளோடு வாழ்ந்தார்கள். பாஃபூரிக்கு அருகிலுள்ள துலமேலா குன்றின் கற்சுவர்களும், அங்கே கிடைத்த பொன்மணிகளும், இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் வந்த கண்ணாடி மணிகளும் அந்த மண்ணின் பழைய நாகரிகத்துக்குச் சான்று.

இன்னும் வலுவான பதிலை மகுலேக்கே மக்களே தந்தார்கள். நிறவெறி ஆட்சி வீழ்ந்த பிறகு, 1994இன் நில மீட்புச் சட்டத்தின்கீழ் உரிமை கோரி, 1998இல் 20,000 ஹெக்டேருக்கும் மேலான நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். காட்டை அழிக்கவில்லை. நில உடைமை தங்களிடமே இருக்க, அதைப் பூங்காவின் பகுதியாகத் தொடர ஒப்பந்தம் செய்து, சுற்றுலா விடுதிகள் மூலம் வருவாய் தேடினார்கள். 2007இல் அவர்களுடைய ஈரநிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இதை முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. நிலம் அவர்களுடையது, ஆனால் அங்கே குடியேறி உழ முடியாது. பூங்காவுக்குள் நிலம் கோரிய பிற சமூகங்களுக்கு, நிலத்துக்குப் பதிலாக இழப்பீடு என்ற வழியையே அரசு பின்னர் தேர்ந்தெடுத்தது. ஆனாலும் காட்டைக் காக்க மக்களைத் துரத்தியே ஆக வேண்டும் என்ற வாதம் பாஃபூரியில் தோற்றுவிட்டது.

இங்கும் புலிகள் காப்பகத்தின் பெயரால் பழங்குடிகளை இடம்பெயரச் சொல்லும்போது நம் படித்த நடுத்தர வர்க்கம் அதே வாதத்தைத்தான் எடுத்து வைக்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டம், கிராம சபையின் ஒப்புதல் இன்றி அவர்களை அகற்றக்கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தை வளர்ச்சிக்கும் காட்டுக்கும் எதிரானதாகப் பேசுகிறவர்கள் மகுலேக்கே கதையைப் படிக்க வேண்டும்.

குரூகருக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் போகட்டும். தெற்கே சிங்கத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல் பாஃபூரிவரை வண்டியை ஓட்டட்டும். துலமேலாவுக்கு வழிகாட்டியோடு நடக்கட்டும். அந்த நிலம் யாருடையது என்று கேட்கட்டும். திரும்பி வந்து எழுதும்போது ‘மனிதக் கால்படாத’ என்ற இரண்டு சொற்களை மட்டும் தவிர்க்கட்டும். அந்தக் கால்களுக்கு உரியவர்கள் வேலிக்கு வெளியே இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.