மாம்புரி மணலில் சிம்னி எங்க போச்சு?

போன விடுமுறையில நாங்க ஆறு பேர் மாம்புரிக் கரையோரமா மணல் மேடுகளில் நடந்தோம். பாலாவி–கற்பிட்டி வீதியில் பஸ்ஸால இறங்கும்போது விடிந்தும் விடியாத நேரம். எங்களில் ஒருத்தனின் மாமா வீடு அங்கதான். கமரா ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் போன்.

மணலைப் படம் பிடிக்கிறது லேசில்லை. வெளிச்சமான மணலைக் கண்டதும் கமரா தானாகவே படத்தை இருட்டாக்கும், வெள்ளை மணல் சாம்பல் நிறமாகும். எக்ஸ்போஷரை நாங்களே கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. காற்று கீறிய அலைவரிகள் தெரிய வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். இந்தக் கரை மேற்கே பார்த்தது. காலையில் கடலைப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால், நிழலே இல்லை, மணல் தட்டையாகத் தெரியும். ஆகவே கரையோரமாகத்தான் கமராவைத் திருப்ப வேண்டும். திருப்பினால் ஃபிரேமுக்குள்ள வருவது நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் சிம்னி!

2010 இல் மாம்புரியில் காற்றாலைகள் வந்தன. அடுத்த வருடம் நுரைச்சோலையின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது, இப்போது மூன்று அலகுகள், 900 மெகாவாட். காற்றாலை 'அழகு' என்று விட்டுவிட்டோம். சிம்னியை மட்டும் ஸ்னாப்சீட்டில் ஹீலிங்கைத் தட்டி விரலால் தேய்த்தோம். ஒரு நிமிஷம்கூட ஆகல. மணலுக்குக் கொஞ்சம் செம்மஞ்சளும் ஏற்றினோம். ராஜஸ்தான் தோற்றது போங்க. 'மாம்புரி' என்று பெயரும் போட்டு ஏற்றியாச்சு.

அன்று இரவு மாமா போனை வாங்கிப் பார்த்தார். கடலுக்குப் போறவர். "மகன், இது எங்கட கரையா? அப்ப சிம்னி எங்க? தூரக் கடல்ல நிண்டு அதையும் காத்தாடியையும் பாத்துத்தானே நாங்க கரை பிடிக்கிறது." கோபமா கேட்கல. உண்மையாகவே இடம் விளங்காமல்தான் கேட்டார். எங்களுக்குத்தான் பதில் வரல.

எடிட்டே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆன்செல் ஆடம்ஸ் இருட்டறையில் வானத்தைக் கறுப்பாக்கியவர்தான். 1944 இல் அவர் லோன் பைனில் எடுத்த மலைக் காட்சியில், அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் குன்றில் வெள்ளையடித்த எல், பி எழுத்துக்களையும் அழித்தார். பெரிய ஆள் செய்தார் என்பதற்காக அது சரியாகிவிடுமா? எங்களுக்கு அந்தப் பிள்ளைகள் பக்கம்தான் மனசு. 1982 பெப்ரவரியில் நேஷனல் ஜியோகிராபிக், கீசா பிரமிட்டுகளை கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்து அட்டையில் போட்டது. நெடுக்குவாட்டு அட்டைக்குள் படத்தை அடக்கத்தான். அந்தப் பேச்சு இன்றும் அவர்களை விடவில்லை.

'சிம்னி தெரியாத பக்கம் கமராவைத் திருப்பினா அதுவும் பொய்தானே?' என்று எங்களுக்குள்ளேயே ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி, இரண்டு நாள் சண்டை பிடித்தோம். ஃபிரேமுக்கு வெளியே ஏதோ இருக்கும் என்று பார்ப்பவருக்குத் தெரியும். நாங்கள் தேய்த்து உண்டாக்கிய வானமோ எந்தக் காலையிலும் மாம்புரிக்கு மேலே இருந்ததில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது வேறு, இருக்கிறதை இல்லையாக்குவது வேறு. அதுவும் சாம்பல், கரித்தூசி பற்றி இந்தப் பக்கத்து மக்களின் முறைப்பாடுகள் வருடக்கணக்காகச் செய்தியில் வருகிற இடத்தில், நாலு லைக்குக்காக 'யாரும் தொடாத பாலைவனம்' காட்டுவது சுற்றுலா விளம்பர வேலை. மின்சாரத்தை மட்டும் நாங்க வடிவா பாவிக்கிறம்.

பழைய படத்தை எடுக்கவில்லை. அதன் கீழே 'இதில் சிம்னியை நாங்கள் அழித்தோம்' என்று எழுதினோம். பக்கத்திலேயே அசல் படத்தையும் போட்டோம், எக்ஸ்போஷர் மட்டும் திருத்தி. லைக் பாதிக்கும் குறைவு. மாமா அசலைத்தான் அனுப்பச் சொன்னார், அதுவும் காற்றாடி முழுசா வாற மாதிரி. எங்கள் படத்தில் ஒரு இறக்கை வெட்டுப்பட்டிருந்தது.